செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒன்று காணாமல் போய்விட்டது என்று யாராவது புகார் சொன்னால், அதைத் தேட மாட்டார்கள். அதன் பெயரில் ஒரு நிறுவனம் தொடங்கிவிடுவார்கள். மரியாதை காணாமல் போனபோது மரியாதை மையம் வந்தது. மகிழ்ச்சி காணாமல் போனபோது நலவாழ்வுத் துறை வந்தது, அதற்கு இரண்டு துணை இயக்குநர்கள். போன வருடம் மாணவர்களிடம் படைப்பாற்றல் காணாமல் போனதாகத் தெரியவந்தது. அதைத் திருடியது செல்போன் என்றும் கூடவே தெரியவந்தது. யார் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஆனால் மேப்பிள் இலை சிவப்பதற்குள் பழைய பால்பண்ணைக் கட்டடத்தின் வாசலில் 'படைப்புக் கவன நிறுவனம்' என்று பலகை மாட்டிவிட்டார்கள். அதற்கு நன்கொடை கொடுத்தவர் எங்கள் பழைய மாணவர். செல்போன் உறை விற்றுப் பெரிய ஆளானவர்.

நான் கெட்டில் ரிவர் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லித்தருகிறவன். தற்காலிக ஆசிரியன்; பதினேழு வருடமாகத் தற்காலிகம். விஸ்கான்சின் பனியில் உப்புத் தூவுகிற வண்டி மாதிரி எங்களை வைத்திருக்கிறார்கள். எங்கே வழுக்குகிறதோ அங்கே அனுப்பிவிடுவார்கள். புது நிறுவனத்துக்கு மாணவர்களின் விடைகளைப் பார்க்க இரண்டு மதிப்பீட்டாளர்கள் தேவைப்பட்டார்கள். ஒருவர் நிறுவனத்தின் இயக்குநர் டாக்டர் ஆல்டன் ப்ரூயிட்டே. இன்னொருவராக என்னைப் பிடித்துப் போட்டார்கள். இரண்டு பேரும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும், ஆனால் ஒரே மாதிரி போட வேண்டும் என்று எனக்கு விதிமுறை சொல்லப்பட்டது.

முதலில் நிறுவனம் ஆய்வுக்குத் தன்னார்வலர்களைத்தான் அழைத்தது. பீட்சா உண்டு என்று அறிவித்தார்கள். நாலு பேர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். அதற்குப் பிறகு டீனிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆய்வில் கலந்துகொள்வது முழுக்க முழுக்க மாணவர்களின் விருப்பம் என்று அதில் எழுதியிருந்தது. கலந்துகொள்ளாதவர்கள் ஓவியம், இசை, நாடகம், எழுத்து எதிலும் மேல் வகுப்புக்குப் போக முடியாது என்று அடுத்த வரியில் எழுதியிருந்தது.

அந்த மின்னஞ்சலில் வந்து மாட்டிக்கொண்டவள்தான் ட்ரினா குபியாக். இரண்டாம் ஆண்டு. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் அவள் அப்பாவுக்கு மாட்டுப் பண்ணை. பகலில் வகுப்பு, சாயங்காலம் நெடுஞ்சாலைக் கடையில் பொரித்த பாலாடைக்கட்டி விற்கிற வேலை. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் உட்கார்ந்து, ஃபோன் திரையில் கட்டைவிரலால் படக்கதை வரைவாள். பெர்னிஸ் என்று ஒரு பசு பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கூட்டங்களில் உட்கார்ந்து அசைபோடுகிற கதை. வளாகமே தினமும் காலையில் அதைத்தான் படித்தது. நானும் படித்தேன். பெர்னிஸ் வாயில் புல்லோடு தலையாட்டியதும் தீர்மானம் நிறைவேறிய அன்று, நான் காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

ட்ரினாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மூன்றாம் ஆண்டு ஓவியப் பட்டறையில் ஓர் இடம். பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். அது கிடைத்தால் ஓவியப் படிப்பைத் தொடரலாம், கிடைக்காவிட்டால் படம் வரைகிற பேச்சையே விட்டுவிட வேண்டும் என்று அப்பாவோடு ஒப்பந்தம். அவர் கெட்டவர் இல்லை. பாதி வருடம் பனியில் பால் கறக்கிற மனிதருக்கு, பசுவைப் படமாக வரைந்து பிழைக்கலாம் என்பது நம்பும்படியாக இல்லை, அவ்வளவுதான்.

அவள் என் அறைக்கு வந்தாள். அறை என்றால் நகல் எடுக்கும் இயந்திரம் இருக்கிற அறை. அதில் எனக்கும் ஒரு மேஜை.

"மிஸ்டர் ஹாஸ், நான் வரைஞ்சதெல்லாம் படமே இல்லையாம். அறிகுறியாம்."

"எதோட அறிகுறி?"

"அத இன்னும் கண்டுபிடிக்கலையாம். ஃபோன்ல வரைஞ்சா அது நான் வரைஞ்சதில்ல, ஃபோன் வரைஞ்சதாம். மூணு வாரம் ஃபோன் இல்லாம இருந்து, தேறி, சான்றிதழ் வாங்கினாத்தான் படத்தப் பாப்பாங்களாம். ஷெல்பி சொல்றா."

ஷெல்பி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர். இருபத்தைந்து வயது இருக்கும். எந்தக் கெட்ட செய்தியையும் பிறந்தநாள் வாழ்த்து மாதிரி சொல்லக்கூடிய பெண். நான் ட்ரினாவிடம், மூணு வாரம்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இரு, என்றேன். பதினேழு வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன், எனக்கு வேறு யோசனை வரவில்லை.

முதல் தேர்வு அக்டோபரில் நடந்தது. ஒரு காலத்தில் கறவை மாடுகள் நின்ற நீளக் கூடத்தில் வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சிவப்புச் செங்கல், அதில் நிறுவனத்தின் முத்திரை. இருநூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி ஒன்றுதான்: இந்தச் செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், தோன்றுவதை எல்லாம் எழுதவும். மதிப்பெண் போடும் முறையும் எளிது. ஒரு விடையை எத்தனைக்கு எத்தனை குறைவான பேர் எழுதுகிறார்களோ அத்தனைக்கு அத்தனை அது புதுமை. வீடு கட்டலாம் என்றால் பூஜ்யம். கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றால் அதுவும் பூஜ்யம்.

ட்ரினா தாளை நிரப்பிவிட்டுப் பின்பக்கமும் எழுதியிருந்தாள். பனிமனிதனுக்கு உள்ளே வைத்தால் இதயம். கன்றுக்குட்டியின் உப்புக்கட்டி இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, அது நக்கிப் பார்த்த பிறகு நம்மைப் பார்க்கிற பார்வையை ரசிக்கலாம். கூட்டத்தில் காலி நாற்காலியில் வைத்தால், தலையாட்டாத ஒரே உறுப்பினர். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். மதிப்பீட்டாளர் சிரிப்பது மதிப்பீட்டைப் பாதிக்கும் என்று டாக்டர் ப்ரூயிட் மென்மையாகச் சொன்னார். அவர் எதையும் மென்மையாகத்தான் சொல்வார்.

ட்ரினாதான் முதல். அதில் ஒரு சங்கடம் இருந்தது. நிறுவனம் எடுத்த கணக்கில், அதிக நேரம் ஃபோனில் இருப்பவளும் அவள்தான். அதிகம் ஃபோன் பார்க்கிறவள் அதிகம் யோசிக்கிறாள் என்று வந்தால், பால்பண்ணையில் மறுபடி மாட்டைத்தான் கட்ட வேண்டியிருக்கும். டாக்டர் ப்ரூயிட் கலங்கவில்லை.

"காய்ச்சல்காரன் உடம்பு சூடா இருக்கும், மிஸ்டர் ஹாஸ். அதுக்காக அவன் மத்தவங்கள விட உயிர்ப்போட இருக்கான்னு சொல்லுவோமா? இந்தப் பொண்ணோட மார்க் ஒரு காய்ச்சல். ஃபோன எடுத்துட்டா இறங்கிடும்."

"இறங்கினா நல்லதா டாக்டர்?"

"இறங்கினா நாம சொன்னது சரின்னு ஆயிடும்ல. அத விட நல்லது என்ன வேணும்."

ஃபோனைப் பிரியும் சடங்கை நவம்பரில் வைக்க நினைத்தார்கள். பாதி மாணவர்கள் துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிற மான் வேட்டை வாரம் குறுக்கே வந்ததால் தள்ளிவைத்தார்கள். காட்டில் பிள்ளை தொலைந்தால் பெற்றோர் வழக்குப் போடுவார்கள், கலையில் தொலைந்தால் போட மாட்டார்கள் என்பது டீன் அலுவலகத்துக்குத் தெரியும். டிசம்பர் பிறந்ததும் சடங்கு நடந்தது. பேராசிரியர்கள் பட்டமளிப்பு அங்கி போட்டுக்கொண்டு வந்தார்கள். பாடகர் குழு பாடியது. ஒவ்வொரு மாணவராக மேடையேறி, தன் ஃபோனைச் சாம்பல் நிறப் பையில் போட, டாக்டர் ப்ரூயிட் தன் கழுத்தில் தொங்கிய காந்தச் சாவியால் பையின் வாயைப் பூட்டினார். பிறகு அவர் பேசினார். அவர் ஃபோனைத் தொடுவதில்லை என்று விரதம். அதனால் அவருடைய உரை இருந்த ஃபோனை ஷெல்பி அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

பூட்டிய பையை மாணவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போகிற இடமெல்லாம் கூடவே வைத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இருந்தால்தான் பிரிவு உறைக்கும் என்பது நிறுவனத்தின் தத்துவம்.

பிரிவு மறுநாளே உறைத்தது. விடுதிக் கதவு ஃபோனைக் காட்டினால்தான் திறக்கும். துணி துவைக்கிற இயந்திரம் ஃபோனில்தான் ஓடும். சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடும் ஃபோனில். எல்லாவற்றையும் ஃபோனில் கொண்டுபோய் வைத்தது இதே பல்கலைக்கழகம்தான். அதற்கும் ஒரு விழா எடுத்தார்கள், அதற்கும் நான் போயிருந்தேன். படைப்பாற்றல் திரும்ப வருவதற்காகக் காத்திருந்த பிள்ளைகள் வாசலில் பனியில் நின்றார்கள், அழுக்குச் சட்டையோடு வகுப்புக்கு வந்தார்கள். என் வகுப்பில் மேஜைக்கு அடியில் பைகள் உறுமிக்கொண்டே இருந்தன. 'இன்று உங்கள் படைப்புக் கவனம் எப்படி இருக்கிறது?' என்று நிறுவனம் தினமும் எல்லோருக்கும் ஒரு கேள்வி அனுப்பியது. ஃபோனுக்குத்தான் அனுப்பியது. ஒரு பதிலும் வரவில்லை. பங்கேற்பாளர்கள் ஆழ்ந்த மௌனத்தை அடைந்துவிட்டார்கள் என்று வாராந்திர அறிக்கையில் எழுதினார்கள்.

நான் ட்ரினாவை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். வரையாமல் இருக்கத் தெரியாத பெண். தாளில் முயன்று பார்த்ததாகச் சொன்னாள். பென்சில் கைக்குப் பழகவில்லை, கோடெல்லாம் வேறு யாரோ போட்டது போல வருகிறது என்றாள். கட்டைவிரலில்தான் அவளுக்குக் கை வந்திருந்தது.

இரண்டாவது வாரம் ஒரு நாள் பஸ்ஸில் ஏறினேன். வெளியே உறைபனி, உள்ளே ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. ட்ரினா கடைசி இருக்கையில் மண்டியிட்டு, கட்டைவிரலால் கண்ணாடியில் பெர்னிஸை வரைந்துகொண்டிருந்தாள். முதல் ஜன்னலில் பெர்னிஸின் வாயைப் பைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அடுத்த ஜன்னலில் அவளால் அசைபோட முடியவில்லை. அதற்கடுத்ததில் கூட்டம் நின்றுபோய்விட்டது, யாரும் தலையாட்டாததால் டீன் அழுகிறார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் எழுந்து ஜன்னல் ஜன்னலாக நகர்ந்து பார்த்தார்கள். ஒரு நர்ஸ் தன் ஸ்டாப்பைத் தவறவிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறோம் என்பதே மறந்துபோகும் அளவுக்குச் சந்தோஷம்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, ஷெல்பியும் அந்த பஸ்ஸில் இருந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதான், இதற்காகத்தான் நிறுவனமே தொடங்கினோம் என்றாள். படம் எடுக்கத் தன் ஃபோனைத் தேடினாள். மாணவர்களுக்கு ஆதரவு காட்டுவதற்காக அவளும் தன் ஃபோனைப் பையில் போட்டுப் பூட்டியிருந்தாள். உரைக்குப் பிடிக்கிற ஃபோன் டாக்டர் ப்ரூயிட்டுடையது, அது அலுவலகத்தில் இருந்தது.

"ட்ரினா, இந்த ஜன்னல சப்மிட் பண்ண முடியுமா?" என்று கேட்டாள். அவள் கிண்டல் செய்யவில்லை.

பஸ் வளாகத்துக்குள் போய் நிற்பதற்குள் ஹீட்டர் சூடு பெர்னிஸைத் துடைத்துவிட்டது. ஷெல்பி பஸ் கம்பெனியைக் கேட்டுப் பார்த்தாளாம், கண்ணாடியைக் கழற்றித் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆதாரம் இல்லாதது நடக்கவில்லை என்று டாக்டர் ப்ரூயிட் மென்மையாக முடித்துவிட்டார். ட்ரினா அதற்கெல்லாம் அசரவில்லை. மறுநாளும் வரைந்தாள், அதற்கு மறுநாளும் வரைந்தாள். கடைசித் தேர்வில் தேறிவிட்டால் பட்டறை என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது, சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

கடைசித் தேர்வும் அதே கூடம், அதே மேஜை, அதே செங்கல். விடையை மட்டும் இந்தத் தடவை கணினியில் அடிக்க வேண்டும். நிறுவனம் அதற்காகப் புதிய ஏற்பாடு ஒன்றை வாங்கியிருந்தது. காலையில் திறக்கும், பன்னிரண்டு மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும். விடை எழுதாதவர் தேறாதவர். டாக்டர் ப்ரூயிட் கவனத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு தொடங்கலாம் என்றார். பிள்ளைகள் பெயரை அடித்தார்கள், பாஸ்வேர்டை அடித்தார்கள். திரையில் ஒரு வரி வந்தது: 'இது நீங்கள்தானா என்று உறுதிசெய்ய, உங்கள் கைபேசிக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம்.'

கூடம் முழுக்க இருநூறு பைகளும் ஒரே நேரத்தில் உறுமின. பிறகு அமைதி.

ஷெல்பிதான் முதலில் வாய் திறந்தாள். "டாக்டர், பைய திறந்து விட்டுடலாமா?"

"டெஸ்ட் முடிஞ்சப்புறம்தான் பைய திறக்கணும். அதுக்கு முன்னாடி என் சாவி பையில பட்டா மூணு வார ஆய்வும் போச்சு."

"டெஸ்ட் எழுதறதுக்கு ஃபோன் வேணும்ங்குது."

"ஃபோன் இல்லாம எழுதற டெஸ்ட் ஷெல்பி இது. அதுக்கு ஃபோன் வேணும்னா, கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு."

உதவி மையத்தைக் கூப்பிட்டார்கள். குறையை லாகின் செய்து பதிவுசெய்யுங்கள், மூன்று வேலை நாளில் பார்க்கிறோம் என்றார்கள். டாக்டர் ப்ரூயிட் அவர்களுடைய மேலதிகாரியிடம் பேச வெளியே போனார். ஃபோனை அவர் காதில் பிடிக்க ஷெல்பியும் கூடப் போனாள். கூடத்தில் நானும் பிள்ளைகளும் இருநூறு செங்கல்லும்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு பையன் திரையில் கை வைத்துக் கும்பிட்டுப் பார்த்தான். வயலின் வாசிக்கிற பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். கதவைத் திறந்து நான் எட்டிப் பார்த்தபோது, வெளியே டாக்டர் ப்ரூயிட் மேலதிகாரியிடம் நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தேன். ட்ரினா செங்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், மறுபடி செங்கல்லைப் பார்த்தாள். அவள் முகத்தில் பஸ் ஜன்னலில் பார்த்த அதே களை வந்தது.

"இது எதுக்குன்னுதானே அக்டோபர்லேர்ந்து கேக்கறாங்க," என்றாள். "இதுக்குத்தான்."

பையை மேஜையில் வைத்துப் பூட்டின் மேல் செங்கல்லால் ஒரே போடு. பூட்டு தெறித்தது. ஃபோன் உள்ளே பத்திரமாக இருந்தது.

கூடம் ஒரு கணம் அவளைப் பார்த்தது. அடுத்த கணம் கல்குவாரி மாதிரி சத்தம். எல்லோரும் அடித்தார்கள். இசைத்துறைப் பிள்ளைகள் மட்டும் விரலுக்குப் பயந்து தயங்கினார்கள். பியானோ, வயலின், செல்லோ எல்லாம் ட்ரினாவின் மேஜை முன்னால் வரிசையில் நின்றன. அவள் ஒவ்வொரு பையாக வாங்கி உடைத்துக் கொடுத்தாள். நேரமாகிறது, நீ போய் எழுது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். "இவங்க கைய நசுக்கிக்கக் கூடாது மிஸ்டர் ஹாஸ்," என்றாள். கடைசி செல்லோவையும் அனுப்பிவிட்டுத்தான் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அப்போது பன்னிரண்டு அடிக்க ஓரிரு நிமிடம் இருந்தது. யாருக்குமே ஒரு விடைக்கு மேல் எழுத நேரமில்லை. எழுதுவதற்கு அவர்கள் மனதில் இருந்ததும் ஒன்றே ஒன்றுதான்.

டாக்டர் ப்ரூயிட் உள்ளே வந்தபோது இருநூறு தலைகள் குனிந்து தட்டிக்கொண்டிருந்தன. அவர் நெஞ்சில் கை வைத்தார். "பாத்தீங்களா மிஸ்டர் ஹாஸ். முழுக் கவனம்."

உடைந்த பைகளைச் சாயங்காலம்தான் கண்டார். மாணவர்கள் தேர்வுக்கு முன்னால் உடைத்தார்கள் என்றால் ஆய்வே செல்லாது. ஆய்வு செல்லாது என்றால் நிறுவனமும் செல்லாது. அதனால் பைகள் தேர்வின் போக்கில் இயல்பாகத் திறந்துகொண்டன என்று அவரே எழுதி, அவரே கையெழுத்துப் போட்டார்.

விடைகளைப் பார்க்க அவரும் நானும் உட்கார்ந்தோம். எல்லா விடையும் ஒன்றே: பூட்டை உடைக்கலாம். கணினி எல்லோருக்கும் பூஜ்யம் போட்டிருந்தது.

"டாக்டர், ஒருத்தி யோசிச்சா. மத்தவங்க அதப் பாத்து செஞ்சாங்க. யோசிச்சவளுக்கு மார்க் குடுக்கணும்ல."

"அந்த யோசனை வேலை செஞ்சுச்சா?"

"உங்க கண்ணு முன்னாடி செஞ்சுது."

"அதாங்க பிரச்சனை. வேலை செய்யற யோசனைய எல்லாரும் எடுத்துக்குவாங்க. எல்லாரும் எடுத்துக்கிட்டா அது அபூர்வம் இல்ல. ஒருத்தருக்கும் பிரயோஜனப்படாததுதான் கடைசி வரைக்கும் ஒரிஜினலா நிக்கும். இந்த நிறுவனமே அந்த அடிப்படையிலதான் நிக்குது."

நான் சுற்றிலும் ஒரு முறை பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

ட்ரினா மேல்முறையீடு செய்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, டீன் க்ளெண்டா ஹோக் அறையில் விசாரணை. மதிப்பீட்டாளர்கள் என்று டாக்டர் ப்ரூயிட்டையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டீன் அவளை வாசல் வரை வந்து அழைத்துப்போனார்.

"ட்ரினா, எனக்கு பெர்னிஸ்னா உயிர். தினமும் அதுல முழிச்சாத்தான் எனக்கு விடியும். மூணு வாரமா வரலன்னதும் தவிச்சுப் போயிட்டேன். அந்தப் பசு அச்சு அசல் என் ஆபீஸ்தான். எப்படிம்மா அதெல்லாம் தோணுது உனக்கு?"

ட்ரினா முகம் மலர்ந்தது. நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா நான் ரசிக்கறது வேற, தகுதி வேற," என்றார் டீன். "தகுதிய நிறுவனம்தான் சொல்லணும். நான் ரசிகைதானே."

டாக்டர் ப்ரூயிட் கணினிக் குறிப்பைப் படித்தார். ட்ரினா குபியாக்கின் விடைதான் கடைசியாக வந்த விடை. அவளுக்கு முன்னால் இருநூறு பேர் அதையே எழுதியிருக்கிறார்கள்.

"அவங்க எழுதினதே நான் உடைச்சதப் பாத்துதான்," என்றாள் ட்ரினா. "மியூசிக் பசங்களுக்கெல்லாம் நான்தான் உடைச்சுக் குடுத்தேன். அதுலதான் லேட்டாச்சு."

"அதுக்கு ஆதாரம்?"

நான் கையைத் தூக்கினேன். மதிப்பீட்டாளர் சாட்சி சொல்லக் கூடாது என்றார்கள். மற்ற மாணவர்களை ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள் என்றேன். ஆய்வில் இருந்தவர்களை ஃபோனில் தொடர்புகொள்வது ஆய்வின் நோக்கத்துக்கே விரோதம் என்றார் டாக்டர் ப்ரூயிட். டீன் வருத்தத்தோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நூறு தடவை படத்தில் பார்த்திருக்கிறேன்.

"ரூல்படி பாத்தா இது காப்பி அடிச்ச கேஸ்," என்றார் டீன். "ஆனா உன் மேல இருக்கற பிரியத்துல நாங்க நடவடிக்கை எடுக்கல. அத மனசுல வெச்சுக்க."

ட்ரினா நன்றி சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் மட்டும் அங்கே உட்கார்ந்து, இது அநியாயம் என்று சொன்னேன். என் கருத்து மதிப்புமிக்கது என்று டீன் சொன்னார். அடுத்த பருவத்துக்கு எனக்கு ஒரு வகுப்பு குறைந்துபோயிற்று.

பட்டறையின் பன்னிரண்டு இடங்களுக்கும் ஒருவரும் தேறவில்லை. அதனால் இந்த வருடம் பட்டறையை மூடி, அந்த அறையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அறிக்கை வெளியாயிற்று: மூன்று வாரம் பிரித்து வைத்த பிறகும் மாணவர்களின் படைப்பாற்றல் திரும்பவில்லை, இருநூறு பேரும் ஒரே விடை எழுதும் அளவுக்கு ஃபோன் அவர்களைச் சீரழித்திருக்கிறது, ஆகவே ஆய்வைப் பல்கலைக்கழகம் முழுமைக்கும் விரிவாக்க வேண்டும். செல்போன் உறை விற்ற அந்தப் பழைய மாணவர் இன்னும் கெட்டியான பூட்டோடு புதிய பைகள் அனுப்பினார். செங்கல்லை மாணவர்கள் தவறாகப் பயன்படுத்தாமல் இருக்க, இப்போது ஒவ்வொரு செங்கல்லையும் ஒரு பையில் போட்டுப் பூட்டி மேஜையில் வைக்கிறார்கள். அதை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதுதான் இன்னமும் கேள்வி.

ட்ரினா ஓட்டல் நிர்வாகப் படிப்புக்கு மாறிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அப்பா எடுத்த முடிவு. பெர்னிஸ் அதற்குப் பிறகு வரவே இல்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். அதே கடைசி இருக்கை. அடுத்த சுற்று ஆய்வு இன்னும் தொடங்கவில்லை; கையில் ஃபோன், கட்டைவிரல் அதன் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. எனக்கு மனசு துள்ளியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பெர்னிஸ் எப்படி இருக்கா?"

"லீவுல இருக்கா மிஸ்டர் ஹாஸ்."

எட்டிப் பார்த்தேன். அவள் வரையவில்லை. யாரோ கேக் வெட்டினார்கள், யாரோ பூனையைக் குளிப்பாட்டினார்கள், யாரோ அழுதார்கள். கட்டைவிரல் எல்லாவற்றையும் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

"என்ன பாக்கற?"

"தெரியல. அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கு."

அப்போது நிறுவனத்தின் அன்றைய கேள்வி திரையில் வந்தது: 'இன்று உங்கள் படைப்புக் கவனம் எப்படி இருக்கிறது?' 'மிக நன்று' என்ற இடத்தில், படிக்காமலே விரலை வைத்துத் தள்ளிவிட்டாள். நிறுவனத்துக்கு வந்த முதல் பதில் அதுதானாம். அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பதாக ஷெல்பி பிறகு சொன்னாள்.

ஜன்னல் முழுக்க ஆவி படிந்திருந்தது. யாரும் தொடவில்லை. எனக்கு வரையத் தெரியாது. ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் கையை நீட்டி, கட்டைவிரலால் கண்ணாடியில் ஒரு பசு வரையப் பார்த்தேன். நாலு கால் போட்டேன், கொம்பு வைத்தேன். நாற்காலி மாதிரி வந்தது. அதைப் பார்த்து அவள் சிரிப்பாள் என்று என் ஸ்டாப் வரும் வரை காத்திருந்தேன். அவள் நிமிரவில்லை.